தலவிலக் கோயிலுக்கு மின்சாரத்தில் என்ன வேலை?

மன்னாரில் காற்றாலைப் பாகங்களை ஏற்றி வந்த வாகனங்களை மறித்து நின்ற மக்களை 2025 செப்டெம்பர் 26 இரவு பொலிஸார் அடித்துக் கலைத்தார்கள். அடிபட்டவர்களில் அருட்தந்தையரும் இருந்தார்கள். அதையொட்டிப் பழைய கேள்வியும் கிளம்பியது: பூசை வைக்க வேண்டிய சுவாமிமாருக்கு மின்சாரத்தில் என்ன வேலை?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் கற்பிட்டித் தீபகற்பத்துக்குப் போக வேண்டும். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு மார்ச்சிலும் ஓகஸ்டிலும் நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் சனம் வருகிறது. மர நிழலில் கூடாரம் அடித்து, மணலிலேயே அடுப்பு மூட்டி, கடலில் குளித்து, திருவிழா முடியும்வரை அங்கேயே கிடக்கிறார்கள். அவர்களில் பௌத்தரும் இந்துக்களும் உண்டு. அங்கிருந்து தெற்கே பத்துக் கிலோமீற்றர் அளவில் நிற்கிறது நுரைச்சோலை அனல்மின் நிலையம்.

திட்டம் காகிதத்தில் இருந்த 1990களிலேயே, தலவில அடங்கும் சிலாபம் மறைமாவட்டமும் கரையோர மீனவரும் அதை எதிர்த்தார்கள். வளர்ச்சியின் விரோதிகள் என்ற பட்டம்தான் கிடைத்தது. 2006இல் வேலை தொடங்கியது. 2011இல் முதல் அலகு ஓடியது. 2014இல் மொத்தம் 900 மெகாவாற். இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் தொன் நிலக்கரி அங்கே எரிகிறது. தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிப்பதால் அந்த மாதங்களில் கப்பலிலிருந்து கரி இறக்க முடியாது. முன்கூட்டியே இறக்கிக் குவித்துவிடுகிறார்கள். அதே காற்றுத்தான் கரித்தூளையும் சாம்பலையும் ஊருக்குள் அள்ளி வருகிறது. வெங்காயத் தாளிலும் மிளகாய்ச் செடியிலும் கொடியில் காயும் துணியிலும் அது படிவதாக அயல் கிராமத்தவர் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள்.

பிறகு நடந்தது என்ன? திருகோணமலையின் சம்பூரில் கட்டவிருந்த நிலக்கரி மின்நிலையத் திட்டத்தை 2016இல் அரசே கைவிட்டது. புதிய நிலக்கரி நிலையங்கள் வேண்டாம் என்ற சர்வதேச உடன்பாட்டை 2021இல் முன்னின்று அறிவித்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. தலவிலவில் சொன்னதைத்தான் கொழும்பு இருபது வருடம் கழித்துச் சொன்னது. அன்று ஏசியவர்களின் வாதம் அத்தோடு செத்துவிட்டது. அவர்களுக்கு மேற்கொண்டு பதில் தேவையில்லை.

பதில் சொல்ல வேண்டியது திருச்சபைதான். ஆலை ஓடத் தொடங்கியதும் அதன் குரல் ஏன் தணிந்தது?

விடாமல் நிற்பது எப்படி என்று அறிய, குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினரைப் பாருங்கள். உலகம் முழுவதையும் கூட்டினாலும் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். இலங்கையில் மட்டும் 2012 குடிசன மதிப்பீட்டின்படி கத்தோலிக்கர் 12 இலட்சத்து 61 ஆயிரம். அதாவது மூன்று மடங்கு! அந்தச் சிறு கூட்டத்தின் அமைப்புகள் இரண்டு 1947இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றன. 1980களில் ஜோசப் எல்டர் என்ற குவேக்கர் பேராசிரியர் கொழும்புக்கும் புலிகளுக்கும் இடையே சத்தமில்லாமல் தூது போனார். 2010இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சில குவேக்கர்கள் மலைகளைத் தகர்த்துக் கரி எடுக்கும் நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்த பிஎன்சி வங்கியைப் பிடித்தார்கள். வங்கிக் கிளைக்குள்ளேயே தரையில் உட்கார்ந்து தங்கள் மௌன வழிபாட்டை நடத்தினார்கள். 2012இல் வங்கியின் தலைமையகம் இருக்கும் பிற்ஸ்பர்க்குக்கு 200 மைல் நடந்தே போனார்கள். விடவில்லை. 2015இல் வங்கி கொள்கையை மாற்றியது. பிரித்தானியக் குவேக்கர்கள் 2013இலேயே எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களிலிருந்து தங்கள் முதலீட்டை எடுத்துவிட முடிவு செய்தார்கள்.

நுரைச்சோலைக்குக் கடன் கொடுத்தது சீன எக்ஸிம் வங்கி. நம் போராட்டம் அதன் வாசலை எட்டவேயில்லை. குவேக்கர்களின் பிடிவாதத்தில் பாதி நம்மிடம் இருந்திருந்தால் அந்தப் புகைபோக்கி எழும்பியே இருக்காது.

நம்மால் முடியாததும் அல்ல. எப்பாவல பொஸ்பேற்று அகழ்வுத் திட்டத்துக்கு எதிராக 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தில் வென்ற மனுதாரர்களில் விவசாயிகளோடு ஒரு விகாராதிபதியும் இருந்தார். தீப்பிடித்து மூழ்கி நம் கடலை மாசாக்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தொடர்பான வழக்கில் கர்தினால் மல்கம் ரஞ்சித்தும் மீனவரும் மனுதாரர்கள்; 2025 ஜூலையில் 100 கோடி டொலர் இழப்பீடு கட்ட உத்தரவானது. அங்கெல்லாம் காவிக்கும் அங்கிக்கும் இருந்த உரிமை மன்னாரில் மட்டும் எங்கே போனது?

காற்றாலை கரி இல்லையே, அது சுத்தமான மின்சாரம் அல்லவா என்பார்கள். சுத்தம்தான். ஆனால் எந்த ஆலையானாலும் அது நிற்கப்போகும் மண்ணில் வாழும் மக்களைக் கேட்காமல், இரவில் தடியடி நடத்திக் கொண்டுவந்து நட்டால், அதில் நீதி எங்கே இருக்கிறது?

அடுத்த ஓகஸ்ட் திருவிழாவில் சனம் கூடும்போது சிலாபம் ஆயர் இல்லம் மூன்று விடயங்களைப் பகிரங்கமாகக் கேட்க வேண்டும். நுரைச்சோலைக் காற்றின் தர அளவீடு நாள்தோறும் மூன்று மொழிகளிலும் வெளிவர வேண்டும். சாம்பல் மேடு மூடப்பட வேண்டும். ஆலையை மூடும் ஆண்டை அரசு இப்போதே அறிவிக்க வேண்டும். பதில் வரும்வரை ஒவ்வொரு திருவிழாவிலும் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.