எல்லோரையும் வரவேற்றால் போதனை கெட்டுவிடுமா?

போன மாதம் ஓர் இளைஞர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் அண்ணன் கேட்டார்: "வர்றவங்களை எல்லாம் வாங்க வாங்கன்னு சேத்துக்கிட்டா பைபிள் போதனை என்னாகறது?"

2023 டிசம்பரில், போப் பிரான்சிஸ் காலத்தில், ஒரே பாலினத் தம்பதிகளுக்குத் திருமணச் சடங்கு இல்லாமல் ஆசீர் கொடுக்கலாம் என்று ரோமிலிருந்து ஓர் அறிக்கை வந்ததே, அதைத்தான் மனதில் வைத்துக் கேட்டார். ஒரு மணி நேரம் காரசாரமான வாக்குவாதம். அமெரிக்கா வந்தது, ஜெர்மனி வந்தது, ஆப்பிரிக்க ஆயர்கள் கூட வந்து போனார்கள். பக்கத்தில் இருக்கிற உளுந்தூர்ப்பேட்டை மட்டும் கடைசி வரை வரவே இல்லை!

எறையூர் தெரியும்தானே? உளுந்தூர்ப்பேட்டை வட்டத்து ஊர், எங்கள் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துப் பங்கு. அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தனிக் கல்லறை, சவ ஊர்வலத்துக்குத் தடை என்று பல வருடம் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் "எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள்" என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று கலவரம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இறந்த இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அடித்தவர், அடிபட்டவர், சுடப்பட்டவர் எல்லோரும் ஒரே மாதாவிடம் ஜெபமாலை சொன்னவர்கள்தான். எனக்கு அப்போது நாலைந்து வயது. பெரியவர்கள் வீட்டில் குசுகுசுவென்று பேசியது மட்டும் லேசாக ஞாபகம்.

வரவேற்பு ஒரு பக்கம், போதனை ஒரு பக்கம், நடுவில் தராசு என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். யாக்கோபின் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சபைக்கு வருகிற பணக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பது பாவம் என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது. கொரிந்து சபையில் வசதியானவர்கள் முன்னதாகவே சாப்பிட்டு முடித்து, இல்லாதவர்களைப் பசியோடு விட்டதற்குப் பவுல் கொடுக்கிற டோஸ் இருக்கிறதே, அப்பப்பா! யாரை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதே போதனைக்குள் வருகிற விஷயம்.

நான் பி.காம். படிக்கிறவன், எதையும் வரவு செலவாகப் பார்க்கிற புத்தி. திருச்சபை இதில் இத்தனை காலம் தயங்கியதற்குக் காரணம் ஆள் கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கண்டிப்பாக இருந்தால் பெரிய தெருக்காரர்கள் போய்விடுவார்களோ என்ற பயம். பயம் பொய்யில்லை. 1833-ல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடவே கூடாது என்று உத்தரவு போட்டதும், வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் வெளியேறினார்கள்.

கத்தோலிக்கர்கள் வேறு வழி பார்த்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயில் கால்சட்டை மாதிரி இரண்டு கிளை. இரண்டு சாதிக்காரர்களுக்கும் பீடம் தெரியும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது! (கட்டியவர் மூளையைப் பாராட்டுவதா, திட்டுவதா?) 1910-ல் கௌசானல் என்ற சாமியார் தடுப்பை இடித்தார். சும்மா விடுவார்களா? சுவரைத் திரும்பக் கட்டச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். சாமியார் இடித்ததால் அந்தக் கோயில் ஒன்றும் காலியாகிவிடவில்லை.

2016-ல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் சாதி இருப்பதை ஒத்துக்கொண்டது. நல்லது. ஆனால் அறிக்கை டெல்லியில் இருக்கிறது, கல்லறை ஊரில் இருக்கிறது. ஒரே கல்லறை, ஒரே சவ வண்டி, எல்லாத் தெருவுக்கும் போகிற தேர், பீடச் சிறுவரிலும் வாசகம் வாசிப்பவரிலும் காலனிப் பிள்ளைகள். ஒத்துக்கொள்ளாத ஊரில் திருவிழாக் கொடியே ஏற்ற வேண்டாம். சண்டைக்காரன் சகோதரனோடு சமாதானமாகும் வரை காணிக்கையைப் பீடத்து முன்னால் வைத்துவிட்டுப் போகச் சொன்னது இயேசுதானே?

எறையூரில் தனிப் பங்கு கேட்டது ஒற்றுமையை உடைக்கிற காரியம் என்று நானும் ஒரு காலத்தில் பேசியவன்தான். அவமானப்பட்டவனிடம் போய் ஒற்றுமைப் பாடம் நடத்துவது எவ்வளவு சுலபம் என்று இப்போது புரிகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பெரிய தெருப் பையன். என்னோடு படிக்கிற ஒருவன் எங்கள் ஊர்க் காலனி. லீவு நாளில் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றில் களிமண் கரைசலை அச்சில் ஊற்றுகிற வேலைக்குப் போவான். காலேஜில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறோம். போன வருடத் திருவிழாப் பூசைக்கு வந்தவன் வாசல் தூண் பக்கமே நின்றான். உள்ளே பெஞ்சில் இடம் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன், கூப்பிடவில்லை.

அந்தக் கூட்டம் முடிந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அவனிடம், "இந்த வருஷம் உள்ள வாடா, என் பக்கத்துல உக்காரு" என்றேன்.

"உன் பக்கத்துல சரி. உங்க தாத்தா எந்தப் பக்கம் உக்காருவாரு?" என்று சிரித்தான்.

திருவிழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தாத்தாவிடம் இன்னும் பேசவில்லை.