சோபாவுக்குள் ஒளிந்திருந்த விஷம்!

சோபா வாங்கக் கடைக்குப் போகிறோம். என்ன பார்க்கிறோம்?

நிறத்தைப் பார்க்கிறோம். விலையைப் பார்க்கிறோம். ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறோம். மெத்தென்று இருந்தால் போதும். "வண்டியில் ஏற்றுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம்.

உள்ளே என்ன வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர் எத்தனை பேர்?

அமெரிக்காவிலும் வெகு காலம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அதனால் என்ன ஆயிற்று? ஏறக்குறைய 40 ஆண்டுகள், ரசாயன மருந்து கலந்த சோபாக்கள் வீடுகளின் நடுக்கூடத்தில் கிடந்தன. பிறகு சிலர் கேட்டார்கள். சட்டமே மாறிவிட்டது!

இன்று "நஞ்சு இல்லாத சோபா" என்று விளம்பரம் வருகிறது. துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்துப் போடும் "மாடுலர் சோபா"வும் வந்திருக்கிறது. இவற்றை நம்பலாமா? எதைப் பார்த்து வாங்குவது? இதற்கு விடை தெரிய வேண்டுமானால், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் நடந்த கதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

12 வினாடிச் சட்டம்

சோபாவுக்கு மென்மை தருவது உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு. கடைக்காரர் அதை "ஃபோம்" என்பார். இது பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. 1937-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் இதைக் கண்டுபிடித்தார்கள். பெட்ரோலிய எண்ணெயிலிருந்து கிடைக்கும் சரக்குகளைக் கொண்டு இதைச் செய்கிறார்கள்.

ஸ்பாஞ்சு லேசானது, மலிவானது. ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. தீப்பிடித்தால் மளமளவென்று எரியும்.

அமெரிக்காவில் சோபாவில் சாய்ந்தபடி சிகரெட் பிடித்து, அப்படியே தூங்கிப்போனவர்கள் பலர். சிகரெட் நெருப்பு சோபாவில் பற்றும். வீடே எரியும். பல உயிர்கள் போயின.

ஆகவே 1975-ம் ஆண்டில் கலிபோர்னியா அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. "சோபா ஸ்பாஞ்சில் சிறு தீயைக் காட்டினால், அது 12 வினாடி தாங்க வேண்டும்" என்பது அந்த விதி.

நோக்கம் நல்லதுதான். ஆனால் வெறும் ஸ்பாஞ்சு தீயைத் தாங்காது. ஆகவே கம்பெனிகள் அதில் தீத்தடுப்பு மருந்தைக் கலந்தன. ஒரு சோபாவில் ஒரு கிலோவை நெருங்கும் அளவு வரை இந்த மருந்து இருந்தது உண்டு! கலிபோர்னியாவுக்கு ஒரு சரக்கு, மற்ற ஊர்களுக்கு ஒரு சரக்கு என்று செய்வது தொல்லை. எனவே பல கம்பெனிகள் அதே சோபாவை அமெரிக்கா முழுவதும் விற்றன.

மருந்து வெளியே வந்தது

இந்த மருந்து ஸ்பாஞ்சோடு ஒட்டிக்கொண்டு இருப்பது இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வீட்டுத் தூசியில் கலந்து தரையில் படியும்.

தரையில் தவழ்வது யார்? குழந்தை! தரையைத் தொட்ட கையை வாயில் வைப்பது யார்? அதுவும் குழந்தைதான்!

"பென்டா" என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மருந்து தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுக்கக்கூடும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று ஆராய்ச்சிகள் காட்டின. 2004-ம் ஆண்டு முடிவோடு அமெரிக்காவில் அதைச் செய்வது நின்றது. 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் அது சேர்ந்தது. இந்தியாவிலும் 2018-ம் ஆண்டு விதிகள் அதைச் செய்வதையும் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுத்துவிட்டன.

இன்னொரு மருந்தின் கதை இதைவிட விந்தையானது. அதன் பெயர் டிரிஸ்.

1977-ம் ஆண்டில், குழந்தைகளின் இரவு உடுப்பில் கலந்திருந்த டிரிஸ் மருந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஆர்லின் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். அந்த ஆண்டே அந்த உடுப்புக்குத் தடை வந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு டிரிஸ் மருந்தையும் உடுப்பில் கலப்பதைக் கம்பெனிகள் கைவிட்டன.

கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை.

2012-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் அமெரிக்க வீடுகளிலிருந்து 102 சோபாக்களின் ஸ்பாஞ்சை எடுத்துச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். 100-க்கு 85 சோபாக்களில் தீத்தடுப்பு மருந்து இருந்தது. பலவற்றில் இருந்தது அந்த இரண்டாவது டிரிஸ்! குழந்தையின் உடுப்பிலிருந்து துரத்தப்பட்ட பொருள், குழந்தை ஏறி விளையாடும் சோபாவில் வந்து ஒளிந்திருந்தது.

தீயையாவது தடுத்ததா?

"விஷமாகவே இருக்கட்டும். தீயில் இருந்து உயிரைக் காப்பாற்றியதே!" என்று சிலர் சொல்லலாம். அதுவும் இல்லை.

சோதனைச் சாலையில் வெறும் ஸ்பாஞ்சில் சிறு தீயைக் காட்டினார்கள். வீட்டில் அப்படியா தீப்பிடிக்கிறது? முதலில் மேல்துணி பற்றுகிறது. துணி எரியும்போது பெரிய தீயாகிவிடுகிறது. அந்தப் பெரிய தீயின் முன்னால் ஸ்பாஞ்சில் கலந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அது மட்டும் அல்ல. மருந்து கலந்த ஸ்பாஞ்சு எரியும்போது புகையும் நச்சு வாயுவும் அதிகமாக வரும். தீ விபத்தில் சாவோரில் பெரும்பாலோர் புகையால்தான் சாகிறார்கள். அதனால்தான் தீயணைப்பு வீரர்களே இந்த மருந்துகளுக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள்.

இல்லாத குழந்தை!

பிறகு ஏன் இந்த விதி இத்தனை ஆண்டு நிலைத்தது?

2012-ம் ஆண்டு மே மாதம் சிகாகோ டிரிபியூன் என்ற பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. கலிபோர்னியா சட்டசபைக் குழுவின் முன்பு ஒரு தீக்காய டாக்டர் சாட்சி சொல்லியிருந்தார். மருந்து கலக்காத தலையணையில் படுத்திருந்த ஒரு கைக்குழந்தை தீயில் வெந்து செத்ததாக அவர் உருக்கமாகச் சொன்னார். பத்திரிகை துருவிப் பார்த்தது. அப்படி ஒரு குழந்தையே இல்லை!

அந்த டாக்டர் ஒரு சங்கத்தின் சார்பில் பேசினார். தீப்பாதுகாப்புக்காகப் பாடுபடும் பொதுமக்கள் சங்கம் என்று அது தன்னைச் சொல்லிக்கொண்டது. ஆனால் அதன் பின்னால் இருந்தவை, தீத்தடுப்பு மருந்து தயாரிக்கும் மூன்று பெரிய கம்பெனிகள்!

மக்கள் கொதித்தார்கள். ஜூன் மாதத்திலேயே கவர்னர் ஜெர்ரி பிரவுன் விதியை மாற்ற உத்தரவிட்டார். 2014-ல் புதிய விதி வந்தது. 2015 முதல் அது கட்டாயம் ஆயிற்று. புதிய சோதனையில் புகையும் சிகரெட்டை மேல்துணியின் மீது வைத்துப் பார்க்கிறார்கள். நல்ல துணி இருந்தால், மருந்து கலக்காமலே இதில் தேறிவிடலாம். 2021-ல் இதே சோதனை அமெரிக்கா முழுவதற்கும் விதியாயிற்று.

ஒரு சின்னச் சீட்டு

இவற்றோடு இன்னொன்றும் வந்தது. அது ஒரு சின்னச் சீட்டு.

2015 முதல் கலிபோர்னியாவில் விற்கும் சோபாவில் ஒரு சீட்டுத் தைத்திருக்க வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள். "தீத்தடுப்பு மருந்து கலந்திருக்கிறது" என்று ஒன்று. "கலக்கவில்லை" என்று மற்றொன்று. ஏதாவது ஒன்றில் கம்பெனி குறி போட வேண்டும்.

"கலந்திருக்கிறது" என்று குறி போட்ட சோபாவை எந்தத் தாய் விரும்பி வாங்குவாள்? 2020 முதல், ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த மருந்து கலந்த புதுச் சோபாவை அங்கே விற்கவே கூடாது என்று சட்டம் ஆகிவிட்டது.

பழைய சோபாவை மாற்றியதால் பலன் உண்டா? உண்டு. கலிபோர்னியாவின் வட பகுதியில் பழைய சோபாவை மாற்றிய வீடுகளின் தூசியைச் சோதித்தார்கள். மருந்தின் அளவு குறைந்திருந்தது என்று 2021-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

நாம் என்ன செய்வது?

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலான சோபாக்களில் அப்படி ஒரு சீட்டைப் பார்க்க முடியாது. ஆகவே, சீட்டு சொல்ல வேண்டியதை நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். "மாடுலர்" என்பது சோபாவின் அமைப்பு. "நஞ்சு இல்லை" என்பது உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றியது. இரண்டும் வேறு வேறு. துண்டுகளைக் கழற்றி மாட்டிக் காட்டிவிட்டால், சரக்கு சுத்தம் என்று ஆகிவிடாது.

கடையில் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. ஸ்பாஞ்சில் தீத்தடுப்பு மருந்து கலந்திருக்கிறதா? "இல்லை" என்றால், அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. சட்டம் எதனால் ஆனது? கெட்டி மரமா, பிளைவுட்டா, மரத்தூள் பலகையா? பலகைகளை ஒட்டும் பல பசைகளில் பார்மால்டிஹைடு என்ற ரசாயனம் உண்டு. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் அறிவித்தது. பலகை என்றால், இந்த வாயு குறைவாக வரும் "இ-1" அல்லது "இ-0" ரகமா என்று கேளுங்கள்.

3. "கறை படியாத துணி" என்கிறார்களா? எதைப் பூசியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். எளிதில் அழியாத பி.எப்.ஏ.எஸ். என்ற ரசாயனங்களை இதற்குப் பூசுவது உண்டு. இவை சேர்த்த புதுத் துணிகளைக் கலிபோர்னியா 2025 முதல் தடுத்துவிட்டது. கறை படிந்தால் துவைக்கக்கூடிய சாதாரணத் துணியே மேல்.

4. உறையைக் கழற்ற முடியுமா? ஜிப் வைத்த உறையாக இருந்தால் துவைக்கலாம். உள்ளே ஸ்பாஞ்சு உதிர்கிறதா என்றும் பார்க்கலாம்.

5. ஐந்து ஆண்டு கழித்து ஒரு துண்டு மட்டும் கெட்டால், அதே துண்டு கிடைக்குமா? மாடுலர் சோபாவின் உண்மையான லாபம் இதுதான். குறுகலான மாடிப்படியில் எளிதாக ஏறும். வீடு மாறினால் பிரித்து எடுத்துப் போகலாம். ஒரு மூலை நைந்தால் அதை மட்டும் மாற்றலாம். மாற்றுத் துண்டு கிடைக்காவிட்டால், கூடுதல் விலை கொடுத்ததில் பாதிப் பயன் போய்விடும்.

சான்றுகளையும் கவனித்துப் படியுங்கள். "சர்ட்டிபூர்" என்பது ஸ்பாஞ்சுக்கு. "ஓக்கோ-டெக்ஸ் 100" என்பது துணிக்கு. "கிரீன்கார்டு" என்பது பொருளிலிருந்து அறைக் காற்றில் கலக்கும் வாயுவுக்கு. துணிக்கு வாங்கிய சான்றைக் காட்டி முழுச் சோபாவையும் விற்க இடம் கொடுக்காதீர்கள். பச்சை இலைப் படம் எந்தச் சான்றும் அல்ல!

நம்மிடம் இருப்பதை மறக்கலாமா?

பிரம்பு நாற்காலி, மர பெஞ்சு, அதன் மேல் எடுத்துப் போடும் இலவம் பஞ்சுத் திண்டு. இவை நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல. வேண்டிய இடத்தில் நகர்த்தலாம். திண்டு நைந்தால் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்துத் திரும்ப அடைக்கலாம். இதுவும் ஒரு மாடுலர் சோபாதானே! பொள்ளாச்சிப் பக்கத்தில் மலையாகக் குவியும் தேங்காய் நாரும் மெத்தைக்கு நல்ல சரக்கு.

ஆனால் பஞ்சும் நாரும் எரியும். கொசுவத்திச் சுருள், ஊதுவத்தி, விளக்கு, சிகரெட் இவற்றைச் சோபாவின் பக்கத்தில் வைக்கக் கூடாது. எந்த மருந்தைவிடவும் இந்தப் பழக்கமே நல்ல தீத்தடுப்பு.

வீட்டில் ஏற்கெனவே ஸ்பாஞ்சு சோபா இருக்கிறதா? பயப்பட வேண்டாம். தூக்கி எறியவும் வேண்டாம். கிழிந்த உறையை உடனே தைத்துவிடுங்கள். பொடியாக உதிரும் ஸ்பாஞ்சை மட்டும் மாற்றுங்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள். வெறும் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும். சாப்பிடும் முன்பு குழந்தைகளின் கையைக் கழுவிவிடுங்கள். புதுச் சோபா வந்தால், வாடை போகும் வரை ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைப் பார்க்கிறோம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். சோபா அதைவிடப் பல மடங்கு விலை. பத்து, பதினைந்து ஆண்டு நம்மோடு இருக்கப் போவது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு என்ன கூச்சம்?

கலிபோர்னியாவில் மக்கள் கேட்டார்கள்; சீட்டு வந்தது. இங்கே பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். நூறு பேர் கேட்டால் கம்பெனியே பதில் சொல்லும்!