கறுப்பு எண்ணெயும் பெயரில்லாத டிரம்மும்

2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். எர்ணாவூர் கரையில் ஒதுங்கிய கருங்குழம்பை மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளிய படங்கள் பத்திரிகைகளில் வந்தன. வாளியால் கடலைச் சுத்தம் செய்கிறார்களாம் என்று ஊரே கேலி பேசியது. எனக்கு உறுத்தியது அந்த வாளியைப் பிடித்த கைகள். பல கைகளில் உறையே இல்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய், மறுபடி வாளி.

பாய்லர் பக்கத்திலேயே உத்தியோக காலத்தைக் கழித்தவன் நான். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசலெல்லாம் எடுத்தபின் அடியில் தங்குவதுதான் இந்த ஃபர்னஸ் ஆயில். குளிர்ந்தால் வெல்லப்பாகு போல இறுகும், சூடாக்கினால் ஓடும். பெட்ரோல் போல குப்பென்று பற்றாததால் இதற்குச் சாது என்று பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் வெறுங்கையை விடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. டாங்கின் மேல்பகுதியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வேறு சேரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை போயிடுச்சு, இறங்கலாம்' என்பவனுக்கு அங்கேதான் எமன். காலி டிரம்மையும் நம்பக்கூடாது. ஒட்டியிருக்கும் கசடின் ஆவி உள்ளே இருக்கும். காஸ் கட்டர் வைத்தால் வெடிக்கும்.

இதையெல்லாம் டிரம்மின் லேபிள் சொல்ல வேண்டாமா? ஆச்சரியக்குறி, நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம், செத்த மீன் என்று படங்கள் போடுகிறார்கள். மீனைப் பார்த்து, "மீன் பண்ணைக்குப் போற சரக்கா சார்?" என்று கேட்ட பையன் உண்டு. அவன் கேட்டதில் தப்பில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-இல் வந்த அபாயகரக் கழிவு விதிகளின்படி லேபிள் மஞ்சள் நிறத்தில், தண்ணீரில் அழியாததாக இருக்க வேண்டும். 'அபாயகரக் கழிவு, கவனமாகக் கையாளவும்' என்று இந்தி, ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும் சிவப்பில் எழுத வேண்டும். நல்லது. ஆனால் கவனமாக என்றால் எப்படி? என் கட்சி இதுதான்: டிரம்மின் வயிற்றிலேயே பெயிண்டால் தமிழில் நாலு வரி. இது கழிவு எண்ணெய். வெறுங்கையால் தொடாதே. காலியானாலும் நெருப்பு காட்டாதே. தண்ணீர் பிடிக்காதே. ஒட்டிய காகிதம் காயலான் கடை வாசலிலேயே உரிந்துவிடும். அதன்பின் அந்த டிரம் யார் வீட்டு மாடிக்குப் போகிறதென்று யார் பார்க்கிறார்கள்? கடற்கரையில் ஆட்களிடம் வாளியைக் கொடுக்கும் அதிகாரியும் இதே நாலு வரியை முதலில் உரக்கப் படித்துவிட்டு, உறையையும் கொடுக்கட்டும்.

மீனவ நண்பர்களுக்கு ஒன்று. கையில் பட்டுவிட்டால் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ போட்டுத் தேய்க்காதீர்கள். சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.