கடைக்கு ஓனர் நீங்களா, சாப்ட்வேர்காரனா?

திருமுல்லைவாயில்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்னு பேர் எடுத்துட்டா ஒரு தொல்லை. மகளிர் தொழிற்பேட்டை பக்கம் டீ குடிக்கப் போனாக்கூட யாராவது பிடிச்சுக்கிறாங்க. மசாலாப் பொடி அரைக்கிறவங்க, நைட்டி தைக்கிறவங்க, எல்லாருக்கும் ஒரே கேள்வி: "ஆன்லைன் கடைக்கு எந்த சாப்ட்வேர் பெஸ்ட்?"

இதுக்கு நம்ம ஆளுங்க சொல்ற பதில்தான் அநியாயம். இதுல 200 டெம்ப்ளேட், அதுல ஏழு ஸ்லைடர்னு பட்டியல் போடறாங்க. மாசம் நாப்பது ஆர்டர் வர்ற கடைக்கு ஸ்லைடர் எதுக்கு சாமி?

வாடகைக்குக் கடை பிடிச்சா, காலி பண்ணும்போது அட்வான்ஸ் திரும்ப வருமான்னு முதல்ல கேட்கிற ஊர் இது. சாப்ட்வேர்கிட்டயும் அதையே கேட்கணும். வெளிய வரும்போது எதை எடுத்துட்டு வர முடியும்?

2008ல வந்த மெஜன்டோவை எடுத்துக்குங்க. 2011ல ஈபே வாங்குச்சு, அப்புறம் கை மாறி 2018ல அடோபிகிட்ட போச்சு. 2020 ஜூன் 30ஓட முதல் வெர்ஷனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்னு போச்சு. அடுத்ததுக்குப் போகணும்னா டிசைன், எக்ஸ்டென்ஷன் எல்லாம் புதுசா செய்யணும். கிட்டத்தட்ட புதுக்கடை கட்டற வேலை. ஈபே இந்தியாவே 2018 ஆகஸ்ட்ல மூடிடுச்சு. பெரிய பேரெல்லாம் உத்தரவாதம் இல்லீங்க.

ஷாப்பிஃபை சுலபம்தான், மறுக்கலை. ஆனா அவங்களோட சொந்த பேமென்ட் சேவை இந்தியாவுல கிடையாது. வெளி கேட்வே வச்சா, பேசிக் திட்டத்துல விற்பனைக்கு 2 சதவீதம் அவங்களுக்கு. மாச வாடகை தனி, கேட்வேக்காரர் எடுக்கிறதும் தனி. 300 ரூபா பொடியில 6 ரூபா சும்மா போகுது. வூகாமர்ஸ் இலவசம். ஆனா ஹோஸ்டிங், பேக்கப், அப்டேட் எல்லாம் உங்க தலையில. அப்டேட் பண்ண ஆளே இல்லாத இடத்துல அதை மாட்டிவிட்டு ஓடறது உதவி இல்லை, துரோகம்.

இதைவிட மோசம் டொமைன். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவோட கடைப் பேரை டிசைனர் தன் பேர்லயே பதிவு பண்ணியிருந்தார். பணத் தகராறு வந்ததும் சைட் காணாமப் போச்சு. பாக்கெட்ல மூணு வருஷம் அச்சடிச்ச முகவரி, அம்போ!

அதனால, சிபாரிசு பண்றவங்க மூணு விஷயம் பாத்துட்டு வாயைத் திறங்க. டொமைன் கடைக்காரர் பேர்ல இருக்கா? பொருள், ஆர்டர், வாடிக்கையாளர் பட்டியலை எக்ஸெல்ல திறக்கிற மாதிரி இறக்கிக்க முடியுமா? மாசம் நாப்பது ஆர்டருக்கு மொத்தச் செலவு என்ன?

"அவங்களுக்கு இதெல்லாம் புரியாது பாஸ்"னு சொல்லாதீங்க. சீட்டுக் கணக்கை மனசுலயே போடறவங்க அவங்க. புரியற மாதிரி நாமதான் சொல்லலை.

டிஸ்கி: ஜியோசிட்டீஸ் 2009ல மூடினப்போ பக்கங்களைப் பறிகொடுத்தவங்க இங்கயும் இருப்பீங்க. உங்களுக்கு நான் விளக்கணுமா என்ன? :-)