எல்லைக்கு அனுமதி தாருங்கள், புள்ளிகளுக்கு வேண்டாம்

ஆவடி மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டும் நம்பி, குறித்த புள்ளிகளை (செக்பாயிண்டுகளை) வரிசை தவறாமல் தொட்டுத் திரும்பும் ஓட்டம் ஓரியண்டியரிங். 1919-இல் ஸ்டாக்ஹோம் அருகே மேஜர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் நடத்திய போட்டியோடு ஸ்வீடனில் வேரூன்றிய இந்த விளையாட்டு, காட்டை விட்டு ஊருக்குள்ளும் வந்து பல காலமாகிறது. 'ஸ்பிரிண்ட்' என்னும் அந்த ஊர்வகைக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரையும் சுற்றுத் தெருக்களும் அருமையான களம்.

இப்படியொரு போட்டிக்கு விண்ணப்பம் வந்தால் புள்ளிகள் எந்தெந்த இடம் என்று பட்டியல் கேட்பது நியாயமே. அந்தப் பட்டியல் ஒரு மாதம் முன்பே கையெழுத்தாகி, பிறகு ஒரு புள்ளியைக்கூட நகர்த்த முடியாமல் போவதுதான் சிக்கல்.

தடம் அமைப்பவர் 1:4000 வரைபடத்தை விரித்து உட்காருகிறார். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 40 மீட்டர். அவர் முதலில் தேடுவது இடத்தை அல்ல, வழியை. இடப்பக்கம் போவதா வலப்பக்கமா என்று ஓடுபவரைத் திணறவைக்கும் வழி கிடைத்த பிறகே அதன் முனையில் மதகோ, மதில் மூலையோ, படிக்கட்டோ புள்ளியாகிறது. அங்கே தொங்கும் 30 சென்டிமீட்டர் அகல வெள்ளை-ஆரஞ்சுக் கொடியை ஒளித்துவைப்பதில்லை. ஒளித்தால் அது புதையல் வேட்டை.

காகிதத்தில் சரியாக இருந்தது தரையில் பல்லிளிக்கும். முட்டுச்சந்துக்குள் கொடி வைத்தால், திரும்பி வருபவரே பின்னால் வருபவருக்கு வழிகாட்டிவிடுவார். அதை இருபுறமும் திறந்த தெருவுக்கு மாற்ற வேண்டும். களத்தை ஆவடி ரயில் நிலையம் வரை நீட்டி, தண்டவாளத்தின் இரு பக்கமும் புள்ளி வைத்தால், நொடிகளை எண்ணுபவர் தண்டவாளத்தையே தாண்டப் பார்ப்பார். அந்தத் துண்டையே கைவிடுவதுதான் புத்தி. பாதுகாப்புத் துறை வளாகங்களின் மதிலோரமும் வேண்டாம். வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம், கரையில் தேங்கிய தண்ணீர், குட்டி போட்ட தெருநாய் ஆகியவை முந்தைய நாள் மாலை நடந்து பார்த்தால்தான் தெரியும். 2023 மிக்ஜாம் புயல் மழையைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனவே அனுமதியை ஒவ்வொரு புள்ளிக்கும் அல்லாமல் களத்தின் எல்லைக்குத் தாருங்கள். நுழையக் கூடாத இடங்களை எழுத்தில் குறித்துவிடுங்கள். புள்ளிகளின் இறுதிப் பட்டியலைப் போட்டிக்கு முந்தைய நாள் மாலை மாநகராட்சியிடமும், 2022 முதல் இயங்கும் ஆவடி காவல் ஆணையரகத்திடமும் ஒப்படைக்கும்படி நிபந்தனை விதிக்கலாம். ஏரிக்கு ஒரு துறை, தெருவுக்கு ஒரு துறை, போக்குவரத்துக்கு ஒரு துறை என்று மூன்று வாசல் ஏறி இறங்குவதைத் தங்கள் அலுவலகமே ஒன்றாக்கினால் பேருதவி.

வரைபடம் தயாரிப்பதும் இப்போது கடினமில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசே வரைபட விதிகளைத் தளர்த்திவிட்டது.

பருவமழை ஓய்ந்து கரை காய்ந்ததும், ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை 6 முதல் 8 வரை போதும். உலகப் போட்டியிலேயே ஸ்பிரிண்ட் வெற்றியாளர் சுமார் 15 நிமிடங்களில் முடித்துவிடுகிறார்.