யாருக்கும் வலிக்காத பேச்சாளர்

சேலையூரில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் சென்ற முறை ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர். பெயர் வேண்டாம், என் சண்டை கட்டுரையோடுதான். எட்டுப் பக்கம், எல்லோர் கையிலும் ஜெராக்ஸ் பிரதி. சாரம் இது: சர்ச்சைக்குரியவர்களைக் கல்லூரிக்குள் பேச அழைக்கக் கூடாது. பேச்சுரிமை என்பது மேடையுரிமை அல்ல. பேசியே தீர வேண்டுமென்றால் யூடியூபில் பேசட்டும். பிள்ளைகள் படிக்க வந்தவர்கள், பெற்றவர்கள் ஃபீஸ் கட்டுகிறார்கள், நாளைக்குக் கலவரம் வந்தால் யார் பொறுப்பு? கடைசிப் பக்கத்தில் ஒரு யோசனையும் உண்டு. கல்லூரிதோறும் ஒரு ‘பேச்சாளர் ஒப்புதல் குழு’. அதில் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். மூத்தவர், மேலும் போண்டா சூடாக இருந்தது. வீட்டுக்கு வந்து இன்னொரு முறை படித்தபோது கூச்சம் போய்விட்டது.

‘பேச்சுரிமை மேடையுரிமை அல்ல’ என்ற வாக்கியத்தை மூன்று இடத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். வாக்கியம் சரிதான். என்னை எந்தக் கல்லூரியும் பேச அழைப்பதில்லை; அதற்காக நான் உயர் நீதிமன்றம் போகவில்லை. அழைக்காதவன் உள்ளே புகுந்து மைக்கைப் பிடுங்கினால் அவனிடம் இந்த வாக்கியத்தைச் சொல்லலாம். ஆனால் நம் ஊரில் நடந்தது அதுவா? 2013 ஜூலை 29 அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆமினா வதூத் பேசுவதாக இருந்தது. குர்ஆனைப் பெண்ணின் கண்கொண்டு வாசித்து 1992இல் நூல் எழுதியவர். 2005இல் நியூயார்க்கில் ஆணும் பெண்ணும் கலந்து நின்ற வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தலைமை தாங்கியவர். அவரை அழைத்தது வழிப்போக்கர் யாரும் இல்லை, பல்கலைக்கழகத்தின் இஸ்லாமிய ஆய்வு மையமே அழைத்தது. அவர் சொல்வது சரியா, தவறா என்று முஸ்லிம் அறிஞர்களுக்குள்ளேயே கடும் வழக்கு உண்டு. அதனால்தான் அழைத்தார்கள். வழக்கே இல்லாத விஷயத்துக்கு ஆய்வு மையம் எதற்கு, திண்ணை போதுமே. சட்டம் ஒழுங்கு கெடும் என்று காவல்துறை தரப்பிலிருந்து வந்த எச்சரிக்கையைக் காரணம் காட்டி, அப்போதைய துணைவேந்தர் தாண்டவன் நிகழ்ச்சியை ரத்து செய்தார்.

இதில் ஆமினா வதூத் இழந்தது ஒரு மாலைப் பொழுது. அவருக்கு வேறு ஊர்களும் வேறு மேடைகளும் இருக்கின்றன. இழப்பு முழுவதும் அழைத்த மையத்துக்கும், அரங்கில் வந்து உட்கார்ந்திருக்கக்கூடிய மாணவிக்கும்தான். ‘நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை’ என்று எழுந்து நின்று சொல்லும் வாய்ப்பும் அவளுக்குச் சேர்ந்தே போயிற்று. யாரைக் கேட்பது, எதைப் படிப்பது என்பதை அந்தத் துறையிலேயே தலை நரைத்தவர்கள் முடிவு செய்வதற்குப் பெயர்தான் கல்விச் சுதந்திரம். அழைக்காமல் இருப்பதும் அவர்கள் முடிவுதான், அதை யாரும் குறை சொல்லவில்லை. அவர்கள் அழைத்த பிறகு வெளியிலிருந்து ஒருவர் வந்து இலையை எடுத்துவிடுவதைப் பற்றித்தான் பேச்சு. பேராசிரியரின் எட்டுப் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடுகூட இல்லை. பாடத்திட்டக் குழுவில் அத்தனை வருடம் உட்கார்ந்தவருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

அடுத்தது கலவர பயம். இதற்கு உச்ச நீதிமன்றம் 1989 மார்ச்சிலேயே பதில் சொல்லிவிட்டது, அதுவும் ஒரு தமிழ்ப் படத்தை வைத்து. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ இடஒதுக்கீட்டை விமர்சித்த படம். அதன் கருத்து எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. படம் வெளியானால் தமிழ்நாட்டில் கொந்தளிப்பு வரும் என்ற வாதம் நீதிமன்றம் வரை போயிற்று. ஆர்ப்பாட்டம், வன்முறை என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்கக் கூடாது, அப்படிச் செய்தால் அது மிரட்டுகிறவனிடம் அரசு சரணடைவதாகும், உரிமையைக் காப்பது அரசின் கடமை என்று தீர்ப்பு சொன்னது. ஆக, ‘கலவரம் வந்தால் யார் பொறுப்பு’ என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. கலவரம் செய்கிறவன் பொறுப்பு. அவனைத் தடுக்காத காவல்துறை பொறுப்பு. பேச வந்த பெண்மணி எந்தக் கணக்கில் பொறுப்பாவார்?

இந்தப் பயம் எல்லா நாளும் வருவதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. பல்லாவரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரை ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் கல்லூரிகள்தான். கல்ச்சுரல்ஸ் சீசனில் ஏதாவது ஒரு கல்லூரிக்குப் படத்தை விளம்பரப்படுத்த நடிகர் வந்தால் போதும், சாலை அடைத்துக்கொள்கிறது, பவுன்சர்கள் பிள்ளைகளைப் பிடித்துத் தள்ளுகிறார்கள், பிள்ளைகள் சுவரேறிக் குதிக்கிறார்கள். சட்டம் ஒழுங்கு கெடும் என்று சொல்லி எந்த முதல்வரும் நடிகரைத் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஐம்பது பேர் உட்காரும் கருத்தரங்க அறையில் ஒரு ஆய்வாளர் பேச வரும்போதுதான் இவர்களுக்கு உடம்பு நடுங்குகிறது.

நடுக்கத்துக்கு ஆதாரம்கூடத் தேவையில்லை, ஒரு மொட்டைக் கடிதம் போதும். 2015இல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டத்துக்கு நேர்ந்தது அதுதான். அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி அவர்கள் ஒரு துண்டறிக்கை போட்டார்கள். மத்திய மனிதவள அமைச்சகத்துக்கு யாரோ பெயரில்லாமல் எழுதினார்கள். அமைச்சகம் அதைக் கல்வி நிறுவனத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்டது. மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் போயிற்று. விதிமீறல் என்று காரணம் சொன்னார்கள். நாடு முழுக்கச் சத்தம் எழுந்த பிறகு ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பி வந்தது. விதி உண்மையிலேயே மீறப்பட்டிருந்தால் இரண்டே வாரத்தில் அது எங்கே போய் ஒளிந்துகொண்டது? பேராசிரியர் இந்தச் சம்பவத்தைத் தொடவே இல்லை. அவர் கேட்கும் குழு இருந்திருந்தால் மொட்டைக் கடிதத்துக்குப் பதிவு எண் கிடைத்திருக்கும், அவ்வளவே.

இனி, மாணவர்கள் மனம் புண்படும் என்ற வாதம். இதை எழுதியவர் நடைப்பயிற்சிக்குத் தினமும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் மதிலோரம் போகிறவர். அந்த மதிலுக்குள் என்ன நடந்தது என்று அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அந்தக் கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்த காலத்தில், தத்துவம் படித்த ஓர் இந்து மாணவருக்கு மனம் புண்பட்டது. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்பது போன்ற மிஷனரிகளின் விமர்சனம் அவரைக் குத்தியது. அவர் அப்பாவை அழைத்துவந்து முதல்வர் அறையில் புகார் கொடுக்கவில்லை. 1908இல் எம்.ஏ. பட்டத்துக்கான ஆய்வேட்டையே வேதாந்தத்தின் அறத்தைப் பற்றி எழுதினார், குத்தியவர்களுக்குப் பதிலாக. அவருடைய ஆசிரியர்களில் ஒருவரான ஏ. ஜி. ஹாக் ஸ்காட்லாந்துக்காரர், மிஷனரி. தன் தரப்பை மறுத்து எழுதிய மாணவனை அவர் பாராட்டினார். மாணவர் பெயர் ராதாகிருஷ்ணன். பின்னாளில் அவர் பிறந்தநாளைத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். நம் பேராசிரியருக்கும் முப்பது வருடம் அன்றைக்குப் பேனா பரிசு கிடைத்திருக்கும்.

கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. மறு வருடம் டிசம்பரில் அங்கே உலக மிஷனரி மன்றத்தின் மாநாடு நடந்தது. நானூற்றுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்தார்கள். மாநாட்டுக்கென்றே ஹாலந்துக்காரரான ஹெண்ட்ரிக் கிரேமர் ஒரு தடித்த புத்தகம் எழுதியிருந்தார். கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் பிற மதங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்பது அவர் கட்சி. இதைவிடச் சர்ச்சைக்குரிய விருந்தாளி தாம்பரத்துக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை என்றுகூடச் சொல்வேன். சென்னையிலிருந்த இந்தியக் கிறித்தவர்கள் சிலருக்கு, செஞ்சையா, சக்கரை போன்றவர்களுக்கு, இது அறவே பிடிக்கவில்லை. அவர்கள் கிரேமரைத் தடை செய் என்று தந்தி அடிக்கவில்லை. அந்த வருடமே இந்தியாவில் கிறித்தவத்தை மறுபடி சிந்திப்பது பற்றித் தாங்களும் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். கல்லூரியின் முதல்வராக இருந்த அதே ஹாக்கும் கிரேமரோடு மாறுபட்டார். தாம்பரம் என்ற பெயர் உலகத்தின் இறையியல் நூல்களில் இன்றைக்கும் அடிபடுவது இந்தச் சண்டையால்தான். ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனாலும் அல்ல, மேம்பாலத்தாலும் அல்ல. செஞ்சையாவோடு சேர்ந்து தர்க்கம் செய்த சக்கரை சில ஆண்டுகளில் சென்னை மேயரும் ஆனார். சர்ச்சை அவரை ஒன்றும் செய்துவிடவில்லை.

கட்டுரையில் எனக்கு உண்மையாகவே உறைத்த இடம் ஒன்று உண்டு. மகாவிஷ்ணு விவகாரத்தில் நீங்களெல்லாம் கை தட்டினீர்களே, அப்போது எங்கே போயிற்று கருத்துரிமை என்று கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். 2024 ஆகஸ்டில் அசோக் நகரிலும் சைதாப்பேட்டையிலும் அரசுப் பள்ளிகளில் மகாவிஷ்ணு என்ற பேச்சாளர் பேசினார். உடல் குறையோடு பிறப்பதற்குக் காரணம் முற்பிறவிப் பாவம் என்கிற ரீதியில் போனது பேச்சு. பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். பிள்ளைகள் முன்னாலேயே அவரை மடக்கப் பார்த்தார் பேச்சாளர். செப்டம்பரில் விமான நிலையத்தில் வைத்து மகாவிஷ்ணுவைக் கைது செய்தார்கள்.

அந்தக் கைதுக்கு நான் கை தட்டவில்லை. உளறலுக்கு விலங்கு மாட்டுவது உளறியவரைப் பெரிய மனுஷராக்கிவிடும். ஆனால் பள்ளியும் பல்கலைக்கழகமும் ஒன்று என்று பேராசிரியர் எழுதுவதுதான் கோளாறு. பள்ளிக்கூடத்து அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் வரிசையில் நிறுத்தி அழைத்துவரப்பட்ட குழந்தைகள். எழுந்து போக முடியாது, எதிர்த்துக் கேட்கவும் முடியாது. கேட்ட ஆசிரியருக்கே அந்த மரியாதை. ஒரு கருத்தரங்கத்துக்குத் தானாக வந்து உட்காரும் இருபத்திரண்டு வயது ஆய்வு மாணவி ஓட்டுப் போடுகிறவள். அவளுக்கு எது கேட்கத் தகுந்தது என்று பேராசிரியர் வடிகட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. கட்டாயக் கூட்டம்தான் கவலை என்றால் 2025 ஏப்ரலில் மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரி மேடையில் நடந்ததைப் பற்றி அவர் எழுதியிருக்க வேண்டும். அங்கே மாணவர்களைப் பார்த்து ‘ஜெய் ஸ்ரீராம்’ சொல்லச் சொன்னவர் சாதாரணப் பேச்சாளர் அல்ல, அப்போதைய ஆளுநர் ஆர். என். ரவி, பல்கலைக்கழகங்களின் வேந்தர். ஒப்புதல் குழுவிலிருந்து எந்த ஓய்வுபெற்ற காவல் அதிகாரி எழுந்து வேந்தருக்கு அனுமதி மறுப்பார்? கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அதே 2025இல், மார்ச் மாதம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பண்டைய வரலாறு, தொல்லியல் துறையில் இந்தியாவில் கிறித்தவத்தைப் பரப்புவது எப்படி என்று ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் ரத்து செய்தார்கள். இதை அவர் எனக்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறார். பரவியது எப்படி என்றால் வரலாறு, பரப்புவது எப்படி என்றால் பிரசங்கம். இந்த வித்தியாசத்தைத் தலைப்பைத் தட்டச்சு செய்யும்போதே பார்த்திருக்க வேண்டியவர்கள் அந்தத் துறையின் ஆசிரியர்கள். அது துறையின் கவனக்குறைவு. அதற்கு மருந்து துறை விழித்திருப்பதுதான். போலீஸ்காரரைக் கூப்பிட்டு உட்காரவைப்பது அல்ல.

எங்களுக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும்தான் வக்காலத்து வாங்குகிறோம் என்றும் ஒரு குத்தல் உண்டு. சரி, பிடிக்காத இடத்துக்கே போவோம். 2023 இறுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வழக்கறிஞர் சுவஸ்திகா அருலிங்கம் நீதித்துறையின் சுதந்திரம் பற்றிப் பேச அழைக்கப்பட்டிருந்தார். விடுதலைப் புலிகளைப் பாசிச அமைப்பு என்று அவர் முன்பு சொல்லியிருந்ததை எதிர்த்து மாணவர்கள் கிளம்ப, நிகழ்ச்சி நடக்கவில்லை. அவருடைய அந்தச் சொல் எங்கள் வட்டத்திலேயே பாதிப் பேருக்கு வலிக்கும். எனக்கும் உறுத்தத்தான் செய்தது. அதற்காக அவரைத் திருப்பி அனுப்பியது சரியாகிவிடாது. அதுவும் எந்த ஊரில்? அந்தப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் பேராசிரியை ராஜினி திராணகம, எல்லாத் தரப்புத் துப்பாக்கிகளையும் கேள்வி கேட்டு எழுதியவர், 1989 செப்டம்பரில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்ட ஊரில்.

பேராசிரியரின் குழுவை ஒரு மாலை நானே கற்பனையில் கூட்டிப் பார்த்தேன். முதல்வர், பெற்றோர் பிரதிநிதி, ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. கோப்புகளை ஒவ்வொன்றாக வைத்தேன். கிரேமர்: பிற மதத்தவர் மனம் புண்படும், நிராகரிப்பு. செஞ்சையா: திருச்சபை கோபித்துக்கொள்ளும், நிராகரிப்பு. ஆமினா வதூத்: ஃபோன் வந்திருக்கிறது, ஒத்திவைப்பு. சுவஸ்திகா: மாணவர் சங்கத்தைக் கேட்டுச் சொல்கிறோம். ராதாகிருஷ்ணனின் ஆய்வேடு: ஆசிரியர்களை மறுக்கும் தொனி இருக்கிறது, திருத்திக் கொண்டுவரவும்.

கடைசிக் கோப்பு ஓர் இளைஞருடையது. அரசியல் இல்லை, வழக்கு இல்லை, கட்சி இல்லை. பேச்சுக்கு விஷயம் தன்னம்பிக்கை. மாணவர்களுக்கு ஊக்கம் கொடுப்பார், தியானம் சொல்லித் தருவார். குழு அரை நிமிடத்தில் கையெழுத்துப் போட்டது. பெயரைப் பார்த்தேன்: மகாவிஷ்ணு.