அடுப்பு ஒருவருடையது, கணக்கு இன்னொருவருடையது

புத்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் இருக்கிறது வடமாலபேட்டை. மலைக்குச் செல்லும் பக்தர்களின் வண்டிகளை நம்பியே இத்தடத்தில் சிற்றுண்டிச் சாலைகள் பல நடக்கின்றன. எந்தக் கடையில் நிறுத்துவது என்பதை ஒரு காலத்தில் ஓட்டுநர் முடிவு செய்தார். இன்று கைபேசித் திரையும் முடிவு செய்கிறது. நகரங்களிலோ திரையின் சொல்லே இறுதிச் சொல்லாகி வருகிறது.

உணவகத் தொழிலின் வியூகத்தை இனித் தொழில்நுட்பத் தலைமை அதிகாரிகளே வகுப்பார்கள் என்று முதலாளித்துவ வணிக ஏடுகள் எழுதுகின்றன. உண்மைதான். ஆனால் அவர்கள் யாருடைய அதிகாரிகள்? மெக்டொனால்ட்ஸ் போன்ற பன்னாட்டு நிறுவனம் 2019இல் டைனமிக் யீல்டு என்ற மென்பொருள் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. வானிலையும் நேரமும் பார்த்து உணவுப் பட்டியலை மாற்றிக்காட்டும் வல்லமையைப் பெற்றது. பத்து மேசை போட்ட கடைக்கு அத்தகைய அதிகாரி இல்லை. அதன் வியூகம் குருகிராமிலும் பெங்களூருவிலும் வகுக்கப்படுகிறது.

2008இல் உணவுப் பட்டியல்களைத் தொகுத்துத் தரும் தளமாகத் தொடங்கியது சொமேட்டோ. 2014இல் வந்தது ஸ்விக்கி. 2020 ஜனவரியில் உபர் ஈட்ஸ் நிறுவனத்தின் இந்திய வணிகத்தைச் சொமேட்டோ வாங்கியபின், நாடு தழுவிய சந்தை பெரும்பாலும் இவ்விருவர் கைக்குள் வந்தது. எந்தக் கடை திரையில் முதலில் தெரியும், தள்ளுபடியின் சுமை யார் தலையில், தரகு எத்தனை விழுக்காடு என்பனவெல்லாம் அங்கே தீர்மானமாகின்றன. தன்னிடம் வாங்கி உண்பவர் யார் என்ற விவரம்கூடக் கடைக்காரருக்கு எளிதில் கிட்டுவதில்லை. வாடிக்கையாளரும் தப்பவில்லை: 2023இல் 2 ரூபாயாகத் தொடங்கிய தளக் கட்டணம் 2025இல் 10 ரூபாயைத் தாண்டியது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. 2019 ஆகஸ்டில் வட இந்திய நகரங்களின் உணவகங்கள் தள்ளுபடித் திட்டங்களிலிருந்து வெளியேறின. தேசிய உணவகங்கள் சங்கத்தின் புகாரை ஏற்று, 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஜூலையில் நாமக்கல் உணவக உரிமையாளர்கள் இவ்விரு நிறுவனங்களுக்கும் உணவு வழங்குவதை நிறுத்தினர்.

இங்கே தோழர்கள் ஒரு முரண்பாட்டை நேராகப் பார்க்க வேண்டும். ஏகபோகத்தால் நசுக்கப்படும் சிறு கடைக்காரர், தம் சமையற்கூடத்தில் எட்டு மணி நேர வேலையையும் குறைந்தபட்சக் கூலியையும் மதிக்காதவராகவும் இருக்கலாம். தரகு உயரும்போது அந்தச் சுமையை அவர் முதலில் இறக்கிவைப்பது பாத்திரம் கழுவுவோர் மீதே. ஆகவே ஏகபோகத்துக்கு எதிராக அவருடன் நிற்போம். அவருடைய தொழிலாளியைக் கைவிட்டு நிற்க மாட்டோம். இரண்டில் ஒன்றை விட்டால் மற்றதும் நிலைக்காது.

வெயிலில் உணவு சுமந்து ஓடும் இளைஞரின் நிலை இன்னும் மோசம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு நிதி தர வேண்டும் என்கிறது. ஆனால் அவரை முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்தியே அதைச் சொல்கிறது. நலத்திட்டம் உண்டு, தொழிலாளி என்ற தகுதி இல்லை.

இயந்திரம் நமக்குப் பகையன்று. அதை முதலாளி பயன்படுத்தும் விதமே பகை. இது மார்க்ஸ் கற்பித்த பாடம். காப்பி வாரியம் தன் காப்பி நிலையங்களை மூடி ஊழியரை வெளியேற்றியபோது, தோழர் ஏ.கே.கோபாலன் வழிகாட்டுதலில் அவர்களே கூட்டுறவு அமைத்து இந்தியன் காப்பி ஹவுஸ்களை நடத்தினர். 1958இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் நிலையம் திறக்கப்பட்டது. அடுப்பும் கோப்பையும் மாறவில்லை, உடைமை மாறியது. உணவை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருளையும் கூட்டுறவின் கையில் ஒப்படைக்க இயலாது என்று எந்த விதியும் இல்லை.

தரகுக்கு உச்சவரம்பு, திரையில் வரிசைப்படுத்தும் முறையில் வெளிப்படைத்தன்மை, விநியோக ஊழியருக்குத் தொழிலாளி என்ற சட்டத் தகுதி, அரசின் ஆதரவோடு கூட்டுறவுத் தளம் ஆகிய நான்கு கோரிக்கைகளையும் ஒரே துண்டறிக்கையில் அச்சிடுவோம். அதைக் கல்லாவில் இருப்பவரிடம் மட்டும் தந்துவிட்டுத் திரும்பாமல், பின்கட்டில் பாத்திரம் கழுவுபவரிடமும் வாசலில் பொட்டலத்துக்குக் காத்திருப்பவரிடமும் கொடுத்துப் பேசுவோம்.